உப்புத் தண்ணியில் வளர்கிற செடிகள்: மதுரை மொட்டை மாடிக்கு ஓர்ப்பூடும் உமரியும்

மதுரையில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணி. செடிக்கு ஊற்றுவது இந்த இரண்டாவதைத்தான். அப்புறம் கொத்தமல்லி ஓரம் கருகுது, புதினா வரவே மாட்டேங்குது, ரோஜா மொட்டிலேயே உதிருது என்று நர்சரிக்கும் உரக்கடைக்கும் அலைகிறோம். பெரும்பாலும் உரத்தில் கோளாறு இருக்காது. தண்ணியில் உப்பு இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு நல்ல தண்ணியைச் செடிக்கு ஊற்றலாம், ஆனால் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிற ஊரில் அது மனசுக்கு ஒப்பாது. இல்லையென்றால் செடியை மாற்றலாம். கடற்கரையிலும் உப்பளக் கரையிலும் சதுப்பிலும் தானாக வளர்கிற, இலையும் தண்டும் தடித்துச் சாறு நிறைந்த செடிகள் இருக்கின்றன. தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், தூத்துக்குடி உப்பளப் பாத்திகளின் வரப்பில் சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்து கிடக்குமே, அவைதான், ஓர்ப்பூடு, உமரி என்று பெயர். மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறி, ராமநாதபுரம் தாண்டினால் சாலையோரத்திலேயே தெரிய ஆரம்பித்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நர்சரியில் சின்னச் சின்னத் தொட்டியில் வைத்து சக்குலென்ட் என்று விற்பதும் இதுவும் ஒன்றல்ல. அவற்றில் பெரும்பாலானவை வறண்ட நிலத்துச் செடிகள், மழை இல்லாத காலத்துக்காக இலையில் தண்ணியைச் சேர்த்து வைப்பவை, வேர் ஈரமாகவே இருந்தால் அழுகிவிடும், உப்பும் பிடிக்காது. கடற்கரைச் செடியின் இலை தடிப்பதற்குக் காரணம் வேறு. வேர் வழியே வருகிற சோடியத்தையும் குளோரைடையும் இது இலைச் செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் ஒதுக்கிப் பூட்டி வைக்கிறது. உப்பு ஏற ஏறத் தண்ணியையும் சேர்த்து இழுத்து, அந்த உப்பை நீர்க்கவைக்கிறது. அதனால்தான் இலை உப்புகிறது, கடித்தால் உப்புக் கரிக்கிறது. வேர் ஈரமாக இருந்தாலும் இதற்குக் கவலை இல்லை. ஆகவே சக்குலென்ட்டுக்கு வாரம் ஒரு தடவை தண்ணி ஊற்றினால் போதும் என்கிற யூடியூப் அறிவுரையை இங்கே மறந்துவிடுங்கள்.

தண்ணியை அளந்து பாருங்கள்

டிடிஎஸ் மீட்டர் என்று பேனா அளவில் ஒன்று விற்கிறார்கள், சில நூறு ரூபாய்தான். ஒரு லிட்டர் தண்ணியில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று அது காட்டும். ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வருகிறவரிடமும் இருக்கும், அவர் வரும்போது போர்த் தண்ணியையும் ஆர்ஓ வேஸ்ட் தண்ணியையும் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயப்படி 500 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடல் தண்ணி கிட்டத்தட்ட 35,000. உங்கள் போர் 3,500 காட்டினாலும் அது கடலில் பத்தில் ஒரு பங்குதான். கொத்தமல்லிக்கு விஷமாக இருக்கிற தண்ணி ஓர்ப்பூடுக்கு ஏறக்குறைய இனிப்புத் தண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ வேஸ்ட் தண்ணி, உள்ளே போகிற தண்ணியைவிட ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ உப்பாக இருக்கும், அதையும் தாராளமாக ஊற்றலாம்.

மீட்டர் சொல்லாத ஒன்று உண்டு. சோப்பு நுரைக்காமல் வாளியில் வெள்ளைப் படலம் கட்டுகிறது என்றால் அது சுண்ணாம்பு, அதாவது கால்சியமும் மக்னீசியமும். வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் சோடியம். நம் பக்கத்துப் போர்களில் பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் வரும். சுண்ணாம்பு அதிகமான தண்ணியை ஊற்றிக்கொண்டே இருந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்காமல் போய், இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக மற்றது வெளிறிப் போகும். அதை உப்பால் வந்த நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், தொட்டியில் மட்கிய உரம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எந்தச் செடி

ஓர்ப்பூடுதான் முதல் செடி, சந்தேகமே வேண்டாம். தாவரவியலில் செசுவியம் போர்ச்சுலகாஸ்ட்ரம். தரையோடு படரும், கணுவுக்குக் கணு வேர் விடும், இலை நீண்டு தடித்துப் பளபளக்கும், சின்னதாக நட்சத்திரம் மாதிரி இளஞ்சிவப்புப் பூ. நல்ல தண்ணியிலும் வளரும், உப்பிலும் வளரும், கொஞ்சம் உப்பு இருந்தால் இன்னும் திடமாக வளரும். இதன் பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால் கடற்கரை ஊரில் விசாரிக்கும்போது போனில் படத்தைக் காட்டிக் கேட்பது நல்லது. நம் வயல் வரப்பிலும் காலி மனையிலும் மழைக்குப் பிறகு மண்டிக் கிடக்கிற சாரணையை இதுவென்று நினைத்துப் பிடுங்கி வருகிறவர்கள் உண்டு. சாரணையின் இலை அகலமாக, கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும், பூ காம்பே இல்லாமல் இலைக்கக்கத்தில் ஒளிந்துகொள்ளும். ஓர்ப்பூட்டின் பூவுக்குக் காம்பு வெளியே தெரியும். இது ஒன்றைப் பார்த்தாலே போதும்.

பருப்புக்கீரை இரண்டாவது. சிவந்த தண்டும் மஞ்சள் பூவுமாக மார்க்கெட்டிலேயே கட்டுக் கட்டாகக் கிடைக்கும். இது கடற்கரைச் செடி மட்டும் அல்ல, எங்கும் வளரும், உப்பை நடுத்தரமாகத் தாங்கும். ஒரு கட்டு வாங்கி, தடித்த தண்டாக நாலைந்து எடுத்துச் செருகிவிட்டு மிச்சத்தைச் சமைத்துவிடலாம். போர்த் தண்ணி 2,000க்குள் இருக்கிற வீட்டுக்கு இதுவே போதும் என்பேன், கடற்கரைக்கே போக வேண்டியதில்லை.

உமரி அடுத்தது. இலை ஊசி மாதிரி உருண்டு தடித்திருக்கும், வெயிலும் உப்பும் ஏறினால் ஊதாச் சிவப்பாக மாறும். தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் உமரிக்கீரை என்று பறித்துச் சமைப்பது இதைத்தான். குச்சியில் வராது என்றில்லை, ஆனால் விதையில்தான் ஒழுங்காக வரும். கருவுமரி என்று ஒன்று ஆள் உயரத்துக்கும் மேலே புதராகப் போகும், அது தொட்டிக்கு ஆகாது.

பவள உமரி, தாவரவியலில் சாலிகார்னியா, பார்க்க அழகு. இலையே தெரியாது, கணுக் கணுவாக தண்டு மட்டும். வெளிநாட்டு ஹோட்டல்களில் இதன் உறவுக்காரச் செடியைக் கடல் பீன்ஸ் என்றெல்லாம் பெயர் வைத்துத் தட்டில் ஓரமாக நாலு துண்டு வைத்துக் காசு வாங்குகிறார்கள். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர் இதைத் தொடாமல் இருப்பது உத்தமம். போர்த் தண்ணியின் உப்பு இதற்குப் பத்தாது, கூடுதலாக உப்புக் கரைத்து ஊற்ற வேண்டும், அதோடு இது ஒரு பருவச் செடி, விதை விட்டதும் காய்ந்துவிடும்.

அடப்பங்கொடியையும் கேட்பார்கள். சங்கப் புலவர்கள் அடும்பு என்று பாடிய கொடிதான், கடற்கரை மணலைப் பிடித்து நிறுத்துவதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் மீட்டர் கணக்கில் ஓடும். தொட்டியில் வைத்துப் பார்ப்பது வீண்.

எங்கிருந்து எடுப்பது, எப்படிக் கொண்டுவருவது

மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அங்கே எதையும் ஒடிக்கக் கூடாது. காரங்காடு மாதிரி வனத்துறை படகு விடுகிற அலையாத்திக் காடுகளிலும் அதே கதைதான். தனியார் உப்பளத்து வரப்பு, மீனவர் வீட்டுப் பின்புறம், இறால் பண்ணை ஓரம் என்று எங்கேயாவது உரியவரிடம் கேட்டு எடுங்கள், அங்கெல்லாம் இது களை, எடுத்துப் போனால் சந்தோஷப்படுவார்கள். சாக்கடை கலக்கிற கழிமுகத்திலும் தொழிற்சாலைக் கழிவு ஓடுகிற வாய்க்காலிலும் மட்டும் எடுக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

விரல் தடிமனுக்குக் குறைவான, மரமாகாத பச்சைத் தண்டாக, நாலு கணுவாவது இருக்கிற மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். ஈரச் செய்தித்தாளில் சுற்றி துணிப்பையில் வைத்தால் ராமநாதபுரத்திலிருந்து மதுரை வருவதற்குள் ஒன்றும் ஆகாது, மறுநாள் நட்டாலும் பிழைக்கும். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி பஸ் ஜன்னலோரம் வைத்தால் வெந்துவிடும்.

உமரி, பவள உமரி விதை வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில் காய்ந்து நிற்கிற செடியை அப்படியே ஒரு காகிதத்தில் உதறி எடுக்கலாம். விதை மிகச் சின்னது. அதை ஐப்பசி, கார்த்திகையில் விதையுங்கள், அதுவும் நல்ல தண்ணியில். உப்பிலேயே வாழ்கிற செடிக்கு எதற்கு நல்ல தண்ணி என்று தோன்றும். கடற்கரையிலும் மழை விழுந்து மேல்மண்ணின் உப்பு இறங்கிய பிறகுதான் இவை முளைக்கின்றன, வளர்ந்த பிறகுதான் உப்பைத் தாங்குகிற வலு வரும். விதையை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம், ஈர மணல் மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும்.

தொட்டியும் மண்ணும்

மண்தொட்டி வேண்டாம். உப்புத் தண்ணி சுவருக்குள் ஊறி வெளியே வெள்ளையாகப் பூத்து, கொஞ்ச நாளில் ஓடு செதில் செதிலாக உதிரும். சிமெண்ட் தொட்டியும் அப்படித்தான். அகலமான பிளாஸ்டிக் டப், பழைய வாளி, இல்லையென்றால் மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வருகிற தெர்மாகோல் பெட்டி. இந்தத் தெர்மாகோல் பெட்டி மொட்டை மாடிச் சூட்டில் வேரைக் காப்பாற்றுவதில் வேறு எதையும்விட நன்றாக வேலை செய்கிறது, ஆழம் ஒரு சாண் இருந்தால் போதும். அடியில் ஓட்டை கட்டாயம்.

மண் கலவையில் பாதிக்கு மேல் மணல் இருக்கட்டும். எம்-சாண்ட் என்றால் இரண்டு தடவை அலசி அந்த மாவைப் போக்கிவிடுங்கள், இல்லையென்றால் இறுகிப்போய்த் தண்ணி வடியாது. மிச்சத்தில் செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் சரிபாதி. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணை இதில் போடாதீர்கள், களிமண்ணில் சோடியம் ஏறினால் மண்துகள் பிரிந்து பசையாகிவிடும், அப்புறம் வடிகாலே கிடையாது. கடல் மணல் அள்ளிக்கொண்டு வர வேண்டிய அவசியமும் இல்லை, அள்ளவும் கூடாது.

குச்சியை இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து நட்டு, வேர் பிடிக்கிற வரை, சுமாராக இரண்டு வாரம், நல்ல தண்ணி ஊற்றுங்கள். புதுத் துளிர் வந்ததும் பாதிக்குப் பாதி போர்த் தண்ணி, அடுத்த வாரத்திலிருந்து முழுக்கப் போர்த் தண்ணி. தை, மாசியில் நடுவது சுலபம். சித்திரை, வைகாசியில் நடாதீர்கள், கத்திரி வெயிலில் வேர் இல்லாத குச்சி தாங்காது. வேர் பிடித்த செடிக்கு முழு வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் கணு நீண்டு இலை மெலிந்து கொடியாக நீட்டிக்கொண்டு போகும்.

பவள உமரி வைத்தே தீருவேன் என்கிறவர்கள் அயோடின் கலக்காத கல் உப்பை லிட்டருக்கு 5 கிராமில் ஆரம்பித்து மெதுவாக 10 கிராம் வரை கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கு மேல் வேண்டாம். கடலில் மூன்றில் ஒரு பங்கு உப்பில்தான் அது நன்றாக வளரும், கடல் அளவுக்குப் போனால் உயிரோடு இருக்கும், ஆனால் வளர்ச்சி குறைந்துவிடும்.

உப்பு எங்கே போகிறது

இந்த விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உப்பைத் தாங்குகிற செடி உப்பைக் காணாமல் ஆக்குகிற செடி அல்ல. 2,000 டிடிஎஸ் தண்ணி என்றால் லிட்டருக்கு 2 கிராம் உப்பு. ஒரு தொட்டிக்குத் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் மாதம் 60 கிராம் உள்ளே போகிறது. தண்ணி ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சம் தொட்டியிலேயே சேரும். சில மாதத்தில் போர்த் தண்ணியில் ஆரம்பித்தது கடல் தண்ணியைத் தாண்டிப் போய்விடும், அப்போது ஓர்ப்பூடும் சாகும்.

அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிற பழக்கத்தை விடுங்கள். ஊற்றும்போது ஊற்றியதில் கால்வாசியாவது அடி ஓட்டை வழியே வெளியே வர வேண்டும். மாதம் ஒரு முறை தொட்டி கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு தண்ணி ஒரேயடியாக ஊற்றி அலசிவிட வேண்டும், போர்த் தண்ணியானாலும் பரவாயில்லை, உள்ளே சேர்ந்ததைவிட அது உப்புக் குறைந்ததுதான். மேல்மண்ணில் வெள்ளையாகப் படிந்தால் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை நனைய விடுங்கள், வருஷத்தில் நடக்கிற நல்ல அலசல் அதுதான்.

வடிகிற தண்ணி மொட்டை மாடித் தளத்தில் தேங்கக் கூடாது. குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், செடிக்கு மிச்சம் பிடித்ததைக் கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டிவரும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து அடியில் தட்டு வைத்து, தேங்கியதை எடுத்துக் கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள். தென்னை மூட்டில் ஊற்றலாமே என்பார்கள், தென்னை ஓரளவு தாங்கும்தான், ஆனால் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஊற்றினால் அந்த மண் வேறு எதற்கும் ஆகாது.

நிலத்தில் போட நினைக்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். உமரியும் ஓர்ப்பூடும் நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து தனித்தனியே சுமார் 500 கிலோ உப்பை எடுக்கும் என்று தமிழ்நாட்டில் நடந்து 2007ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பெரிய அளவுதான். ஆனால் அதே ஹெக்டேருக்கு 2,000 டிடிஎஸ் தண்ணியை 500 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் 10,000 கிலோ உப்பு உள்ளே வருகிறது. மழையை நம்பி வளர்த்து, அறுத்து, வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டால் பலன் உண்டு. அறுத்ததை அங்கேயே மூடாக்காகப் போட்டால் எடுத்த உப்பு திரும்ப மண்ணுக்கே போகும். உவர் நிலமா (உப்பு ஏறியது) களர் நிலமா (சோடியம் ஏறி மண் இறுகியது) என்றும் மண் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள், களர் என்றால் ஜிப்சம் போடாமல் வடிகால் திறக்காது, செடி மட்டும் அதைச் சரி செய்யாது.

சின்னச் சின்னச் சங்கதிகள்

இலை சிவந்தால் நோய் என்று பதற வேண்டாம். பீட்ரூட்டில் இருக்கிற அதே வகை நிறமிதான், உப்போ வெயிலோ கூடும்போது, சத்துக் குறையும்போது வரும். சிவப்போடு இலை சுருங்கவும் செய்தால் அலசல் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். உரம் அதிகம் கேட்காது, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொழுவுரம் ஒரு கை. கணுவில் மாவுப்பூச்சி வரும். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடிப்பவர்கள் அந்தக் கரைசலை மட்டும் நல்ல தண்ணியில் கலக்குங்கள், போர்த் தண்ணியில் சோப்பு திரிந்துபோய் எண்ணெய் தனியாக மிதக்கும், அடித்தால் இலைதான் கருகும்.

சமைப்பது பற்றி. நுனி இளந்தண்டை மட்டும் கிள்ளுங்கள். ஓர்ப்பூடு, உமரி, பருப்புக்கீரை எல்லாவற்றிலும் சிறுநீரகக் கல்லுக்கு வழிவைக்கிற ஆக்சலேட் இருக்கிறது, முதல் இரண்டில் உப்பும் நிறைய. தாராளமாகத் தண்ணி வைத்து வேகவிட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, பிழிந்து எடுத்தால் இரண்டும் பெருமளவு இறங்கும். பிறகு சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் தாளித்து, வேகவைத்த பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிரட்டினால் சோற்றுக்கு நல்ல தொடுகறி. உப்பு போடாதீர்கள், இறக்கும்போது ருசி பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் போடலாம், பெரும்பாலும் தேவைப்படாது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் இதைச் சாப்பிட வேண்டாம்.

சாக்கடை ஓரத்தில் எடுக்காதீர்கள் என்றதற்குக் காரணம் இதுதான். ஓர்ப்பூடு உப்பை மட்டும் இழுப்பதில்லை, மண்ணில் ஈயமும் காட்மியமும் இருந்தால் அதையும் இழுத்து வைத்துக்கொள்ளும், மாசு பட்ட மண்ணைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நட்ட குச்சி எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் இருந்தால் முதல் இரண்டு அறுவடையை வீசிவிட்டு, உங்கள் மண்ணில் புதிதாக வந்த துளிரை மட்டும் சமையுங்கள். போர் பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இருக்கிற வீடுகளில் அழகுக்கு மட்டும் வளர்த்தால் போதும்.

ஓர்ப்பூடு வருஷம் தாண்டினால் நடுவில் தண்டு மரமாகி மொட்டையாகிவிடும். ஆடி முடிந்ததும் அடியில் மூன்று விரல் விட்டு மொத்தமாக வெட்டிவிடுங்கள், வெட்டிய நுனிகளையே புதுப் பெட்டியில் செருகலாம், பழைய வேரும் மழைக்குத் திரும்பத் துளிர்க்கும்.